மூன்று கரண்டித் தூள்

செப். 20, சனி

காலையிலிருந்து மழை. புரட்டாசி முதல் சனி. சிடாம் கிரியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கொண்டுபோனது: தயிர், வாழை இலை. மறந்தது: பொறுமை.

அண்ணனுக்குப் பல வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அண்ணி இப்போது புரதத் தூள் விற்கிறார். முதல் வாடிக்கை வீட்டுக்குள்ளேயே.

"கறி மீன் இல்லாத மாசம்லா. அதான் ஒரு கரண்டிய மூணாக்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"இது சாப்பாடும்மா. சாப்பாட்டுக்கெல்லாமா டாக்டர கேப்பாங்க?"

அண்ணன் பெருமையாக: "ஒன்னுக்குப் போனா சவர்க்காரம் கரைச்ச மாதிரி நுரை. உடம்புல உள்ள துரு எல்லாம் கழண்டு வருதாம்."

துரு. உடலின் செல்களை அரிக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு அண்ணியின் விற்பனைக் கூட்டத்தில் வைத்த பெயர். நுரை என்றதும் எனக்குச் சிறுநீரகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் வீங்கிய கணுக்காலில் காலுறை அழுத்திய பள்ளம் வேறு.

21, ஞாயிறு

இங்கே வெள்ளி, சனிதான் வார விடுமுறை; பள்ளி திறந்தாச்சு. விடைத்தாள்கள் பாக்கி. அவற்றை விட்டுவிட்டுத் தூளைப் பற்றிப் படித்தேன். இனிப்புநீர்க்காரர்களுக்கு அந்தத் ‘துரு’ கூடுதல், உண்மை. பால் புரதம் அதைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று சில சோதனைகள். பெரிதாக ஒன்றுமில்லை என்று வேறு சில. முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தால் இவ்வளவு புரதம் சுமை என்பதைத்தான் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

கிளினிக் போகலாம் என்று அண்ணனை அழைத்தேன். "விரத மாசத்துல எதுக்குலா ஊசி கீசி." அண்ணி போனை வாங்கி, "உன் படிப்பு வேற, என் அனுபவம் வேற." வைத்துவிட்டார்.

23, செவ்வாய்

வெயில். விடுப்பு. சொல்லாமல் போய் வாசலில் காரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டார் பார்க்க, மறுக்க வெட்கம், அண்ணன் ஏறிவிட்டார். பின் இருக்கையில் அண்ணி, மடியில் புது டப்பா. "டாக்டரம்மாவும் குடிச்சுப் பாக்கட்டும்."

சிறுநீரை அங்கேயே பார்த்தார்கள். டாக்டர் மலாயில் சொன்னார்: புரதம் போகிறது, நிறைய. தூளை இன்றே நிறுத்த வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது அடுத்த வாரம், ரத்த முடிவு வந்த பிறகு. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. டப்பா மடியிலேயே இருந்தது.

திரும்பும்போது அண்ணி: "அப்போ நான் கலக்கிக் குடுத்ததுதான் அப்படியே நுரையா போச்சா?"

இல்லை. போவது தூள் அல்ல, அவர் ரத்தத்தில் இருக்கும் புரதம். அண்ணி சொன்னபடி என் வகுப்பில் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

"ஆமா அண்ணி," என்றேன்.

27, சனி

மறுபடி மழை. ரத்த முடிவு வரவில்லை. அண்ணன் இலையில் சோறு, சாம்பார், கீரை. தூள் இல்லை. சமையலறையில் அண்ணி போனில், யாரோ வாங்க விரும்பியவரிடம்: "மொதல்ல நுரை வருதான்னு பாரு. வந்தா கிளினிக் போ. நானே சொல்றேன்லா, வாங்காத."

சாம்பாரில் உப்பு அதிகம். அதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.