இடது பக்கம் இழுக்குற சைக்கிள்

அன்பு மக திவ்யாவுக்கு அப்பா மலைச்சாமி எழுதுறது. ஆத்தா மீனாட்சி புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் நல்லாத்தான் இருக்கோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்ல. நியூசிலாந்துக் குளிருல நீ சளி புடிக்காம இருக்கியான்னுதான் நெனப்பு பூரா. பேப்பர்ல எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புறானேன்னு சிரிக்காத. போன்ல பேசினா உங்கம்மா காதை இங்கயே வச்சிருப்பா, இது அவளுக்குத் தெரியக் கூடாது.

மவுண்டன் பைக் வாங்கவா ரோடு பைக் வாங்கவான்னு கேட்டிருந்த. முப்பது வருசமா மேலூர்ல சைக்கிள் கடை வச்சிருக்கவனை மதிச்சுக் கேட்டியே, அம்புட்டுச் சந்தோசம் எனக்கு. நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரிக்குப் போற வழி பூரா தார்ரோடுன்னா ரோடு பைக்கோட மெல்லிசு டயரே போதும், ரெண்டு மிதி மிதிச்சா நல்லா ஓடும், ஆனா குனிஞ்சே ஓட்டணும், டூட்டி முடிச்சு வார ஒடம்புக்கு இடுப்பு கழண்டுரும். மவுண்டன் பைக்கோட தடிச்ச டயர் கல்லு முள்ளு பாக்காது, மழையில வழுக்காது, பாரம்தான் சாஸ்தி. மெல்லிசு டயர் ரோட்டை விட்டு எறங்காது, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. உங்க அண்ணன் சிவபாண்டி தடிச்ச டயர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான், நானும் வாங்கிக் குடுத்தேன். அதுலதான் கல்குவாரிச் சரிவுல எறங்குனான். பள்ளத்துத் தண்ணிக்குள்ள இருந்து மொதல்ல சைக்கிளத்தான் தூக்குனாங்க.

அந்தச் சைக்கிளை எடைக்குப் போட்டுட்டதா உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். பொய் தாயி. செத்தவன் வண்டி வீட்டுல இருக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொன்னா, ஆனா நல்ல சாமானை இரும்புக் கடையில வீச எனக்குக் கை வரல. பிரிச்சுப் போட்டு, ரிப்பேருக்கு வந்த வண்டிகள்ல ஒண்ணொண்ணா மாட்டி விட்டுட்டேன். ஹேண்டில்பார் அங்கன்வாடி செல்லக்கிளிக்கு, முன்வீலு தோப்புக் காவக்காரர் சோணைக்கு. எங்கயாச்சும் எம்புள்ள ஓடிக்கிட்டே இருக்கட்டும்னு ஒரு நெனப்பு. போன மாசம் செல்லக்கிளி வந்து, அண்ணே, குவாரி முக்குல மட்டும் வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னா. ஃபோர்க் பாத்தேன், பேரிங் மாத்துனேன், ஒரு கோட்டமும் இல்ல. உச்சி வெயில்ல நானே எடுத்துக்கிட்டுப் போனேன். காத்து இல்ல, ஆள் இல்ல. முக்கு வந்ததும் யாரோ முன்னாடி நின்னு ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருப்புனாப்புல இடது பக்கம் போச்சு. அந்தப் பக்கம் பள்ளமும் தண்ணியும்தான். குதிச்சு எறங்கிட்டேன். போன வாரம் சோணை வந்தாரு, அதே முக்கு, அதே இடது பக்கம். யார் வண்டிச் சாமான்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ரெண்டையும் கழட்டிட்டு வேற மாட்டிக் குடுத்தேன், அதுக்கப்புறம் இழுக்கலையாம்.

மனசுதான் ஏதோ பண்ணுதுன்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம போன்ல நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன, சிநேகிதிகிட்ட மவுண்டன் பைக்கும் ரோடு பைக்கும் இரவல் வாங்கி ஓட்டிப் பாத்தேன், ஏரிக்கரையில ரெண்டுமே இடது பக்கம் இழுக்குதுப்பா, நீங்க அனுப்புன சைக்கிள் மணியை ரெண்டுலயும் மாத்தி மாத்தி மாட்டித்தான் ஓட்டுனேன்னு. சித்திரையில ஊறுகாயோட வச்சு அனுப்புன அந்த மணி அண்ணன் சைக்கிளோடது தாயி. அவன் சத்தம் உன் கூட இருக்கட்டும்னுதான் தொடச்சு அனுப்புனேன். புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன், அப்பனை மன்னிச்சிரு.

வண்டி எது வேணா வாங்கு, உன் இஷ்டம். மொதல்ல மணியைக் கழட்டு, அடியில ஒரே ஒரு திருகாணிதான். கோவத்துல ஏரியில வீசிராத, மறுபடியும் தண்ணிக்குள்ள வேணாம் அவனுக்கு. துணியில சுத்தி எனக்கே அனுப்பிரு, அவன் வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் பஸ்ஸுல போ, நேரத்துக்குச் சாப்புடு. ஒரு கொறையும் இல்லாம நீ நூறு வருசம் இருக்கணும். கழட்டுனதும் ஒரு போட்டோ அனுப்பு, போனைக் கையில வச்சுக்கிட்டுக் கடையிலயே உக்காந்திருக்கேன். எனக்கு இருக்கிற புள்ள நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
மலைச்சாமி, மேலூர்