தீவுக்காரர்கள் பிடித்த படகு

நைனா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்காகப் பழவேற்காடு பாலத்தருகே நின்றிருந்தேன். கரையில் ஒரு ஃபைபர் படகில் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். படகு கடலில் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி. டிபன் பாக்ஸ் அளவுதான். "இது இருந்தா பயமே வேணாம்," என்றார் பொருத்த வந்தவர். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயும் விட்டது. சூப்பர்வைசருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

நீ கடைசியாக ஓட்டிய படகிலும் அந்தப் பெட்டி இருந்தது.

அந்த வேலைக்கு நீ ஆசைப்பட்டுப் போகவில்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. நம் படகு கடலுக்குப் போக முடியாமல் கரையிலேயே வெயிலில் வெடித்தது. அதற்கும் முன்பே மீன் குறைந்துவிட்டது. வெளியூர்ப் பெரிய படகுகள் தடை செய்த வலையோடு கரையை ஒட்டி வந்து, மீன் குஞ்சைக்கூட விடாமல் அள்ளிப்போன வருஷம் நினைவிருக்கிறதா? நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படகை வளைத்தீர்கள். அதிகாரி வந்து, "எங்ககிட்ட இருக்கறதே ஒரு போட்டு, அதுவும் ரிப்பேர்ல கெடக்குது," என்று கையை விரித்தார். மறுநாளே நீங்கள் வளைத்த படகு தப்பிப் போய்விட்டது. நீ வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி எறிந்தாய். "ஒருத்தனையாவது புடிச்சி உள்ள போட்டாத்தான் அடங்குவானுங்க!"

அப்போது நானும் தலையாட்டினேன்.

பிறகு நீ மேற்குக் கரைக்குப் போய் ஆழ்கடல் விசைப்படகில் சேர்ந்தாய். படகை ஓட்டும் பொறுப்பு உனக்கு. சூரை மீனைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தீர்கள். ஒருநாள் முதலாளி வயர்லெஸ்ஸில் பெட்டியை அணைக்கச் சொன்னார். நீ அணைத்தாய். எல்லையைத் தாண்டி வேறொரு நாட்டுக் கடலுக்குள் போன மூன்றாம் நாள் தீவுக்காரர்களின் காவல்படை உங்களைப் பிடித்தது.

அந்த நாட்டைப் பற்றி நான் கேண்டீனில் உட்கார்ந்து போனில் தேடித்தேடிப் படித்தேன். சிதறிக் கிடக்கும் தீவுகள், அவற்றைச் சுற்றி முடிவில்லாத கடல், காவலுக்கு நாலைந்து கப்பல்கள். அதனால் வானத்தில் விமானம் விட்டுப் பார்க்கிறார்கள். சின்னத் தோணிக்காரர்கள் கையில் வயர்லெஸ் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிடித்த படகை உடைக்கிறார்கள், ஓட்டியவனைச் சிறையில் போடுகிறார்கள். அடுத்தவன் பயப்பட வேண்டுமாம். நீ நம் கரைக்குக் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது.

அந்தச் சிறையிலிருந்து நீ முதன்முதலாகப் போனில் பேசியபோது அம்மா அழுததில் பாதி நேரம் போய்விட்டது. நான் போனைப் பிடுங்கினேன்.

"நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா. மத்தவங்கள அனுப்பிடுவாங்க."

"இன்னா நைனா இது? ஓனர் சொன்னாருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா மட்டும்? பெட்டிய ஆஃப் பண்ணது என் கை."

உன்னோடு போனவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நம் வீட்டுக்கும் வந்தார்கள். அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். முதலாளி அபராதம் கட்டுவதாகச் சொன்னார். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார்.

திங்கட்கிழமைதோறும் லீவு போட்டு, பொன்னேரி போய் பஸ் மாறி, திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனேன். ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டார்கள். "மேல அனுப்பியிருக்கோம்மா. அது வேற நாடு, நாங்க இன்னா பண்றது?" என்று அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆறாவது மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிறையில் உனக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஒரு அதிகாரி இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரியாதோ என்று இன்னொரு முறையும் சொன்னார்.

சென்னை விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கினேன். மோட்டார் பாகங்கள் வந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் உன் பெட்டி. "தொறக்காதீங்கம்மா, நாளாயிடுச்சு," என்றார்கள். அம்மா கேட்டபோது, பார்த்தேன், தூங்குகிற மாதிரி இருந்தாய் என்று சொன்னேன்.

சாவதற்குப் பத்து நாள் முன்பு நீ பேசியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படி மாட்டினாய் என்று கேட்டேன்.

"காலைல ஒருத்தன் வந்தான் பாப்பா. சின்ன தோணி. தூண்டி போட்டுக்கினு இருந்தான். நம்ம போட்டப் பாத்ததும் எழுந்து நின்னுட்டான். அப்டியே பாத்துக்கினே வயர்லெஸ்ல பேசினான்."

"அவன் நல்லா இருப்பானா நைனா?"

"அப்டிச் சொல்லாத. அவன் ஊட்டு வாசல்ல பூந்து அள்ளினா சும்மா இருப்பானா? நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

முதலாளியின் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. அந்தத் தோணிக்காரனையாவது வாய்விட்டுத் திட்டலாம் என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் தோணியில் எழுந்து நிற்பது நீதான். யாரைத் திட்டுவது, நைனா?