ஈயம் வைத்த இடம்

ஜூன் 29, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். செகந்திராபாத் சைனிக்புரியில் நாய்கூட வெளியே வராத காலை. என் மகள் சங்கரி மட்டும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நிற்கிறாள். சித்தப்பா கார் வரும். ஷாமீர்பேட் பக்கம் ஒரு ஏரி. மீன் பிடிக்க.

சித்தப்பா என்றால் என் சகலை சுப்பையா. என் மனைவி காந்தியின் தங்கை வீட்டுக்காரர். குகட்பள்ளியில் இருப்பு. இனி சு. என்றே எழுதுவேன். முழுப் பெயருக்கு மை செலவழிக்க மனமில்லை.

எங்களுடையது திருநெல்வேலி சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக்கு என்றாலே காந்தி தட்டைத் தள்ளி வைப்பாள். அந்த வீட்டுப் பெண் விரால் பிடிக்கிறாள். பிடித்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாள். புழு கிழு கிடையாது. மரத்தில் செய்த பொய்மீன், லூர் என்கிறார்கள். செய்து கொடுப்பது சு. தொழில் இல்லை, பொழுதுபோக்கு. பால்கனியில் உட்கார்ந்து செதுக்குகிறானாம்.

சங்கரிக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஜூலை 19 ரயில். இன்றையும் சேர்த்து மூன்றே ஞாயிறு பாக்கி. மூன்றும் சு.வுக்கு.

காந்தியிடம் சொன்னேன். பதில்: "அவியளுக்குப் பிள்ள இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

குறைந்துதான் போச்சு. எனக்கு மட்டும் பத்துப் பிள்ளையா இருக்கிறது. இருப்பது ஒன்று.

மதியம் வந்தாள். சேறு, சிரிப்பு. மஞ்சள் லூரைத் துடைத்துப் பஞ்சில் சுற்றித் தகர டப்பாவில் வைத்தாள். போன வருஷம் அவள் பிடித்த முதல் மீன் அதில்தான். அதற்குப் பெயர்கூட உண்டு, பசுபு. தெலுங்கில் மஞ்சள். நான் வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டிக்கு இன்றுவரை பெயர் இல்லை.

கார் ஷெட் சும்மாதான் கிடக்கிறது. நானும் செய்யப் போகிறேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன். விரல் நீள மரத்துண்டு என்னை என்ன செய்துவிடும்.

ஜூலை 1, செவ்வாய்

ஷெட் சுத்தம். பழைய பேப்பர், உடைந்த கூலர், எலிக்குஞ்சு (காந்தி கத்தல்).

வந்து சேர்ந்தவை: சாமானைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ், லோத்குண்டா பழைய இரும்புக் கடையில். கை ட்ரில் நம்முடையதே. அரம், அரை வட்டமும் தட்டையும். உப்புத்தாள் எல்லா நம்பரும். டியூப் லைட்டை இறக்கிக் கட்டியாயிற்று. என் வெர்னியர் காலிப்பர், ரிடையர் ஆனபின் முதல் தடவை பெட்டியை விட்டு வெளியே.

தேக்கு: பழைய நிலைக்கதவின் துண்டு. கெட்டி மரம். சு. ஏதோ மட்ட மரத்தில் செய்கிறான்.

சங்கரி எட்டிப் பார்த்தாள். எதுக்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். "கைக்குப்பா, ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று போய்விட்டாள். இந்தக் 'கைக்கு' (எதுக்கு என்று அர்த்தம்) சு. ரயில்வே காலனியில் வளர்ந்து கற்ற பாஷை. இப்போது அவள் வாயிலும்.

ஜூலை 5, சனி

முடிந்தது. படம் வரைந்து, மையக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் வெர்னியர் வைத்து, ஒரு முடி வித்தியாசம் இல்லாமல். முன்னால் உதடு மாதிரி ஒரு தகடு வேண்டும், இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதினால்தான் மீன் மாதிரி ஆடும். என் பழைய ஹெல்மெட்டின் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினேன். வயிற்றில் துளை போட்டு ஈயம். அது இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

பக்கெட்டில் போட்டேன். வயிறு கீழே, முதுகு மேலே, நிமிர்ந்து மிதந்தது. பாஸ்.

பிறகு பச்சைப் பெயிண்ட், வார்னிஷ். தூண்டில் முள் இரண்டு, வளையம் மூன்று, மாட்டிக் கொடுத்தேன். "சோ க்யூட்" என்றாள். நாளைக்கு முதலில் இதைத்தான் கட்டுவாளாம். காந்தியிடம் இரண்டாம் தடவை காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மூழ்கிவிட்டது.

எறிந்த இடத்திலேயே கல் மாதிரி அடிக்குப் போனதாம். முள் மாட்டாமல் வெறும் கட்டையைப் பக்கெட்டில் போட்டுப் பாஸ் செய்திருக்கிறேன். முள்ளும் வளையமும் எடைதானே. ஊரெல்லாம் செய்த சாமானை ரிஜெக்ட் செய்தவன் நான்.

சங்கரி அதற்கு சப்மரீன் என்று பெயர் வைத்து, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் என் லூருக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

சு. சிரிக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, முள்ளு வளையம் எல்லாத்தையும் ரப்பர் பேண்டுல கட்டிட்டு முதல்ல தண்ணில விடணும். அப்பறந்தான் பெயிண்ட்" என்றான், மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போல. என் வீட்டுக் காப்பி. என் டம்ளர். என் லூருக்கு இன்ஸ்பெக்‌ஷன்.

அப்புறம் பசுபுவைக் கட்டி எப்படி எறிந்தாள், எப்படி இழுத்தாள் என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நடுவில் நான் இருக்கிறேன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. காந்தி மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூலை 9, புதன்

வெயில். சங்கரி இந்த ஊர் ஆபீஸில், கடைசி வாரங்கள். காந்தி கோயில்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது.

அவன் ஈயத்தை எங்கே வைக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கேட்டால் சொல்லியிருப்பான். அதனாலேயே கேட்கவில்லை. தகர டப்பாவைத் திறந்தேன். பசுபுவை வைஸில் பிடித்தேன், தலையிலிருந்து வால்வரை ஹாக்ஸா ரம்பம் போட்டேன்.

உள்ளே: ஒரே ஒரு ஈயத்துண்டு, முன் முள்ளுக்குச் சற்றுப் பின்னால். வேறொன்றும் இல்லை. இவ்வளவுதானா.

அப்புறம்தான் மேஜையில் இரண்டு துண்டுகளாகக் கிடப்பதைப் பார்த்தேன். ஒட்டிப் பார்த்தேன். ரம்பம் தின்ற மரம் போனது போனதுதான். வயிறு ஒட்டிய மீனாக நிற்கிறது. மீன்கள் கடித்த பல் தடம் எல்லாம் இடம் மாறி.

ஜூலை 10, வியாழன்

சங்கரி வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டாள். தலையணை உறை, ஷூ, சோபாவுக்கு அடியில். சு.வுக்குப் போன். ஏரிக்கரையில் விட்டுவிட்டேனோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண் கலங்கியது. நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சு. வேறொன்று செய்து தருகிறேன் என்றானாம். வேண்டாம், அதுதான் வேண்டும் என்றாளாம்.

சரி, அதையே செய்வேன்.

தேக்கு ஆகாது. எடையில்லாத மரம் வேண்டும். நிர்மல் ஊர் மரப்பொம்மைகளைப் பொனிக்கிக் கட்டையில் செய்வார்கள், ரொட்டி மாதிரி லேசு. கடை கடையாகத் தேட நேரமில்லை. ஷோகேஸில் ஒரு நிர்மல் யானை இருக்கிறது, ரிடையர்மெண்ட் அன்று ஆபீஸில் கொடுத்தது. இருந்தது என்று எழுத வேண்டும்.

காந்தி: "ஆனைய எங்க?" பெயிண்ட் உரிந்திருந்தது, பூசக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நம்பின முகம் இல்லை.

ஜூலை 12, சனி

இந்தத் தடவை முள், வளையம், உதடு எல்லாம் ரப்பர் பேண்டில் கட்டிப் பக்கெட்டில் விட்டேன். சு. சொன்னபடிதான். யாரும் பார்க்கவில்லை.

ஈயம் அவன் வைத்த இடத்தில் வைத்தால் வால் தொங்கியது. அவன் மரம் வேறு, யானை மரம் வேறு. ஒரு நெல் நீளம் முன்னால் தள்ளினேன். நிமிர்ந்தது. இன்னும் அரை நெல். ஆஹா.

பெயிண்டுக்கு முன், மாடித் தொட்டியில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவனுடையது வருவதைவிட அழகாக வந்தது. எழுதி வைக்கிறேன், பொய்யில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. கூப்பிட முடிகிற காரியமா.

மஞ்சள் பெயிண்ட் பூசி, கருப்புக் கண் வைத்து, பழைய பல் தடங்களையும் காம்பஸ் முனையால் அங்கங்கே குத்திப் போட்டேன். காய்ந்ததும் மண்ணில் புரட்டினேன். சாயந்திரம், ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று கொடுத்தேன்.

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, யூ ஆர் த பெஸ்ட்." கண்டுபிடித்ததற்கு.

ஜூலை 13, ஞாயிறு

பத்து மணிக்கே திரும்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தம்.

இதுவரை பிடித்ததிலேயே பெரிய விரால். போனில் காட்டினாள். அவள் முழங்கையிலிருந்து விரல் நுனி தாண்டிப் போகிறது. வாயோரத்தில் மஞ்சளாக என் யானை. முதல் எறியிலேயே அடித்ததாம். காந்திகூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, பாவம், விட்டுட்டியா என்று கேட்டாள்.

"சித்தப்பா லூர் அண்ட்டே சித்தப்பா லூரே!" என்கிறாள். சித்தப்பா லூர் என்றால் சித்தப்பா லூர்தானாம்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மீன் என்னுடையது என்று சொன்னால் ரம்பமும் என்னுடையது என்று சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கவனித்தேன். சு. கண் லூரிலேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்கினான். உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தான். வயிற்றைக் கட்டைவிரலால் தடவினான். உதட்டுத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தான். ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தான். பிறகு என்னை.

இதுல என்ன மேஜிக் சித்தப்பா என்று சங்கரி கேட்டாள்.

"ஹவ்மா, ஆமா, நல்லா வந்த பீசு அது. இன்னொண்ணு அது மாதிரி என் கையில வராது" என்றான்.

காந்தி காப்பி கொண்டுவந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. ஷெட்டுக்குப் போகவில்லை.

காப்பாற்றினானா, கொள்ளையடித்தானா? இரண்டு நாளாக இதே யோசனை. காப்பாற்றினான் என்றால் அவனுக்குக் கடன்பட்டவன் ஆகிறேன். அதைவிடக் கொள்ளை தேவலை.

அந்தப் போட்டோ குடும்ப வாட்ஸ்அப்பில். கீழே பாளையங்கோட்டையிலிருந்து எல்லோரும் சு.வுக்குக் கைதட்டல் பொம்மை. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

காந்தி ஷோகேஸைத் துடைக்கும்போது, ஆனை எப்ப வரும் என்று கேட்டாள். வராது என்றேன். அந்தக் காலி இடத்தையும் துடைத்தாள்.

ஜூலை 19, சனி

செகந்திராபாத் ஸ்டேஷன். கூட்டம், புழுக்கம். பெட்டி மூன்று, மூட்டை ஒன்று, தோசை மாவு (வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாள், காந்தி விடவில்லை).

காலையில் அவள் அறைக்குப் போனேன். தகர டப்பாவை எடுத்து வைத்துவிட்டாள். சப்மரீன் மேஜையிலேயே கிடக்கிறது. எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

சு.வும் வந்திருந்தான், மனைவியோடு. சங்கரி எல்லோர் காலையும் தொட்டாள். முதலில் என் காலை. கவனித்தேன். பிறகு கைப்பையைத் திறந்து பசுபுவைக் காட்டி, புனேயிலும் ஏரி இருக்கிறதாம் சித்தப்பா, எப்போதும் என்னோடுதான் இருக்கும் என்றாள். சு. தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ரயில் கிளம்பியது. கை தெரியும்வரை நின்றோம். அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. சு.வும் மூக்கைத் துடைத்துக்கொண்டான். இதிலாவது எனக்குத் தனி இடம் விடக் கூடாதா.

அக்காளும் தங்கையும் முன்னால் படியேறினார்கள். அவன் பின்தங்கினான். நானும் நின்றேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். அறுத்ததைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பக்கத்தில் வந்தான். கண் சிவந்திருந்தது, சரியாகத் தூங்கின முகம் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிற முகம்.

"கட்டை பொனிக்கின்னு கையில எடுத்ததுமே தெரிஞ்சுது, அண்ணாச்சி. நானும் பொனிக்கில ரெண்டு செஞ்சு பாத்துட்டேன், ஆட்டம் வர மாட்டேங்கு." குரலைத் தாழ்த்தினான். "ஈயத்த எங்கன வச்சிய?"

ஒன்றரை நெல் முன்னால். நாக்கு நுனிவரை வந்தது.

"நீங்க வச்ச எடத்துலதான்" என்றேன்.