ஒன்பது புள்ளிகள்

2.10.97 வியாழன்
நவராத்திரி முதல் நாள். வெயில். மேகம் ஒரு துண்டும் இல்லை.

பெற்றோர் கூட்டம், பள்ளிக்கூடத்துக் கிடுகுக் கொட்டிலில். வந்தவர்கள்: அதிபர். கணித ரீச்சர். தாய்மார் என்னோடு பதினாலு பேர். தகப்பன்மார் இரண்டு பேர், அதில் ஒருவர் பாதியில் எழும்பிப் போனார். கைக்குழந்தைகள் மூன்று. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வெளியே மரத்தடியில்.

அதிபர் பேசியது கொஞ்சம். ரீச்சர் பேசியது நிறைய, எல்லாம் பிள்ளைகள் எழுதின அட்சரகணிதப் பரீட்சை பற்றி. அவா வாசித்தபடியே குறித்துக்கொண்டேன்:
கணக்கு இருபது. ஒன்றுக்கு 5 புள்ளி.
அந்த ஐந்தில் படிமுறைக்கு 4, விடைக்கு 1.
40 எடுத்தால் ஏ பிரிவு. குறைந்தால் பி பிரிவு.
ஏ பிரிவுக்கு ரீச்சர் படிப்பிப்பா. பி பிரிவுக்குக் கணிதத்துக்கு ஆள் இல்லை.
பெயர்ப்பட்டியல் விஜயதசமி முடிய, 13ஆம் திகதி திங்கள் ஒட்டுவார்கள்.

ஒரு தாய் கேட்டா: "ஆள் இல்லையெண்டால் பிள்ளையள் என்ன செய்யிறது ரீச்சர்?"
"தாங்களாத்தான் படிக்கவேணும். நான் ஒராள். ரண்டு வகுப்பிலை ஒரே நேரத்திலை நிக்க ஏலுமே?"

கணிதம் இல்லாமல் ஓ.எல். பரீட்சையில் சித்தி இல்லை. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும்தான்.

பிறகு விடைத்தாள் தந்தார்கள். என் மகள் சுகந்திக்கு 31.

சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். அவள் பின்னால்.

மத்தியானம் தாளை மடியில் வைத்து மூன்று தரம் கூட்டினேன். விடை சரி 17, அதற்கு 17 புள்ளி. படிமுறைக்கு எல்லாமாக 14. கூட்டினால் 31. கூட்டலில் பிழை இல்லை. பிழை இருந்திருக்கக் கூடாதா!

பதினேழு விடை சரியாகச் செய்த பிள்ளைக்கு முப்பத்தொன்று. கும்பத்துக்குப் பூ வைக்கும்போதும் நெஞ்சு எரிந்தது. தாயே, பொறுத்துக்கொள்.

மண்ணெண்ணெய் அரைப் போத்தல். அடுத்த வெள்ளி வரை.

3.10 வெள்ளி
விரதம். வெயில்.

பூசை முடித்து நேரே பள்ளிக்கூடம். ரீச்சர் வகுப்பு முடிந்து வரும்வரை வெளியே நின்றேன்.

"பதினேழு சரியெண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறியள். பிறகேன் ரீச்சர் முப்பத்தொண்டு?"
"விடை சரி அம்மா. வந்த வழி எங்கை? வெறும் விடையெண்டால் பக்கத்துப் பிள்ளையின்ரை தாளிலையும் இருக்கும்."
"என்ரை பிள்ளை பாத்து எழுதினவள் எண்டு சொல்லுறியளோ?"
"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அப்பிடி இல்லையெண்டு சொல்லவும் என்னட்டை ஒண்டும் இல்லை."
"வீட்டிலை நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறனான்."
என்னை ஒருமுறை பார்த்தா. "நீங்கள் எதுமட்டும் படிச்சனீங்கள்?"
"அஞ்சாம் வகுப்பு."

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"கொப்பியும் பாத்தனான் அம்மா. வீட்டுவேலையிலையும் விடை மட்டும்தான் கிடக்கு. படிமுறையைக் கொண்டுவந்து காட்டுங்கோ, நான் புள்ளி போடுறன்."

சொல்ல மறந்தவை (எல்லாம் வரும் வழியில்தான் வந்தன):
சு.வின் ஒன்பதாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தை அடுப்படியில் விரித்து வைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை செய்தவள் நான். கேட்டு அறிய ஒருவரும் இல்லை. சோறு கருகினது இரண்டு தரம்.
x என்றால் என்னவென்று விளங்க எனக்கு ஒரு மாதம். என் பிள்ளைக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம்.
விடைத்தாளில் பன்னிரண்டாம் கணக்கோடு சிவப்புப் பேனை முடிந்துவிட்டது. மிச்சம் பென்சிலால் திருத்தியிருக்கிறா. அவவுக்குப் பேனை முடியலாம். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் முடியக்கூடாது.

4.10 சனி
புரட்டாதிச் சனி. எள்ளெண்ணெய் ஒரு துளிதான் இருந்தது. எரித்தேன்.

சு.வைக் கிணற்றடியில் பிடித்தேன். "ஏனடி வழியை எழுதேல்லை? வாயைத் திற."
"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."
"நான் என்னடி சொன்னனான்?"
"ஒரு கொப்பி ரண்டு தவணைக்குக் காணவேணும், வழியை முத்தத்திலை செய், விடையை மட்டும் கொப்பியிலை எழுது எண்டு. பரீட்சைக்கும் அரைத்தாள்தான் தந்தவை. அந்தப் பழக்கத்திலை..."
"படிமுறைக்குத்தான் புள்ளி எண்டு ரீச்சர் சொன்னது உனக்குத் தெரியாதோ?"
"தெரியும்."
"பிறகு?"
"கொப்பி முடிஞ்சால் நீங்கள் பேசுவியள்."

ஓம். பேசுவேன். போன வருடம் பேசினேன், அடிக்கவும் ஓங்கினேன். சதுர றூள் கொப்பி புதுக்குடியிருப்புச் சந்தையில் எத்தனை வாரம் தேடியும் இல்லை.

அதனால்தான் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டின வெள்ளை மணலை முற்றத்தில் பரவிவிட்டு, கையில் தென்னோலை ஈர்க்கைக் கொடுத்தேன். பொழுதுபட முந்தி அங்கேயே செய்வாள். விளக்கும் தேவையில்லை, தாளும் தேவையில்லை. என் கெட்டித்தனம் என்று எனக்குள்ளே பெருமைப்பட்டிருந்தேன். விடிய எழும்பி, சாணி தெளிக்க முந்தி, முற்றத்தைக் கூட்டுகிறவளும் நான்தான். ஒரு தவணைப் படிமுறை முழுவதையும் என் விளக்குமாறு கொண்டுபோய்விட்டது.

ரீச்சர்மேல் இருந்த கோபம் இறங்கவில்லை. இப்போது என்மேலும்.

சோறு இறங்கவில்லை. விரதம் நேற்று, பட்டினி இன்று.

5.10 ஞாயிறு
காற்று இல்லை. புழுக்கம்.

பிழை போட்ட மூன்று கணக்கையும் நானே செய்து பார்த்தேன். ரீச்சரின் பிழை ஒன்றாவது பிடிபடாதா என்ற ஆசை. பிடிபடவில்லை. பதினாலாம் கணக்கு: x² = 5x. சு. இரண்டு பக்கத்தையும் x ஆல் வகுத்து 5 என்று எழுதியிருக்கிறாள். பூச்சியமும் ஒரு விடை, அதை விட்டுவிட்டாள். மற்ற இரண்டும் கூட்டல் கழித்தல் அடையாளம் மாறின பிழை. மூன்றும் எங்கள் பிழை. அவற்றுக்கு ஒன்றும் கேட்கமாட்டேன். சரியான பதினேழுக்குக் கேட்பேன்.

எட்ட வேண்டியது 40. குறைவு ஒன்பது.

பின்னேரம் சு.விடம் ஈர்க்கைக் கொடுத்தேன். "இருபதையும் செய். ஒரு வரியும் விடாதை. நான் குசினியை விட்டு வெளியிலை வரமாட்டன்." வெளியில் வரவில்லை. மீன் வெட்டும் பலகையைத் தேவையில்லாமல் இரண்டு தரம் கழுவினேன், நவராத்திரியில் மீனும் இல்லாமல்.

முடிக்க ஐந்தரை. தேசி மரத்தடியிலிருந்து கிணற்றுக்கட்டு வரை கணக்கு. ஒவ்வொன்றும் ஐந்து ஆறு வரி. பதினாலாவதில் பூச்சியமும் எழுதியிருந்தாள், நான் சொல்லாமலே.

சுற்றிவரத் தடி நட்டு, மாட்டுக் கயிறு கட்டினேன். நாளை முற்றம் கூட்டுவதில்லை.

6.10 திங்கள்
ரீச்சரிடம் போனேன். "படிமுறை இருக்கு ரீச்சர். கொண்டுவர ஏலாது. நீங்கள்தான் வந்து பாக்கவேணும்."
"எங்கை இருக்கு?"
"எங்கடை முத்தத்திலை."
இன்றைக்குச் சிரித்தா. பக்கத்தில் நின்ற சங்கீத ரீச்சரும் சிரித்தா. "கலைவாணி விழா வேலை தலைக்கு மேலை கிடக்கு அம்மா. பாப்பம்."

பாப்பம் என்பது ஓமா, இல்லையா? சைக்கிளில் கால் மணித்தியாலம். விழாவுக்குக் கோலம் போட ஆள் தேடித் திரிய மட்டும் நேரம் இருக்கிறது.

7.10 செவ்வாய்
வரவில்லை. மூன்றாம் கணக்கில் கோழி ஏறிவிட்டது. சு. திரும்ப எழுதினாள். காலை குண்டு போடுகிற கிபிர் விமானம் ஒன்று சுற்றியது. பங்கருக்குள் ஓடும்போதும் பிள்ளை கயிற்றைச் சுற்றித்தான் ஓடினாள். அதைப் பார்த்துப் பேசினேன். பிறகு அழுகை வந்தது.

8.10 புதன்
பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால்: "என்னடி, நவராத்திரியிலை முத்தம் கூட்டாமல்? லட்சுமி வாற நாளிலை மூதேவிக்குப் பாய் விரிச்சிருக்கிறாய்."
"அது கணக்கு அக்கா."
"கணக்கோ? நான் நினைச்சன் கோழி கிளறினதாக்கும் எண்டு. ஆர் வந்து பாக்கப் போறது?"
"ரீச்சர்."
"ரீச்சர் வருவா. பின்னாலை யானையும் வரும்."

மூன்று நாள் சருகு. சாணி தெளிக்கவில்லை. வாசலில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கூட்டிக் கோலம் போட்டேன். எனக்கே கூசுகிறது. என் தாய் வீட்டிலும் இப்படி ஒரு நாள் கிடந்ததில்லை.

இவர் வயலால் வந்து கயிற்றடியில் நின்று பார்த்தார். புழுதியில் விதைத்துப் பத்து நாள். மண் நனையவில்லை. "மழை வராட்டில் விதைச்சதெல்லாம் எறும்புக்குத்தான்."
"ரீச்சர் வருமட்டும் வரப்படாது."
"உனக்கு விசரே? பி பிரிவெண்டால் என்ன, அங்கையும் பள்ளிக்கூடம்தானே."
"அங்கை படிப்பிக்க ஆள் இல்லை."
"நீ இருக்கிறாய்தானே."

பத்தாம் ஆண்டுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

9.10 வியாழன்
கோயிலில் மழைக்குப் பொங்கல். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி, தேங்காய் ஒன்று. கொடுத்தேன். ஊர் முழுக்க மழை கேட்டுக் கும்பிட்டது. இவரும் கண்மூடி நின்றார். நானும் கண்மூடி நின்று, திங்கள்வரை வேண்டாம் பிள்ளையாரே என்று கேட்டேன். இவருடைய விதைக்கு எதிராக. கேட்ட பிறகு திருநீறு எடுக்கக் கை கூசியது. என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினது அந்த ஒரு சொல், பாப்பம். அதை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை.

10.10 வெள்ளி
சரஸ்வதி பூசை. விடியவே தென்கிழக்கில் கறுப்பு. காற்றில் ஈர மணம். இவர் முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு சிரிப்பு.

கும்பத்தடியில் புத்தகங்கள், கொப்பிகள். சு. விடைத்தாளையும் வைத்தாள், 31 தெரியாமல் கவிழ்த்து. நான் நிமிர்த்தி வைத்தேன். தாயும் பார்க்கட்டும்.

மத்தியானம் கணக்குக் கொப்பியில் நடுத்தாளைக் கழற்றிக் கடிதம் எழுதினேன். சு. பள்ளிக்கூடப் பூசைக்குப் போகிறாள், கையில் கொடுத்துவிடுகிறேன். ரீச்சரின் கையிலேயே கொடு, மேசையில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பிரதி:

மதிப்புக்குரிய கணித ரீச்சர் அவர்களுக்கு,
படிமுறையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னீர்கள். அது மணலில் இருக்கிறது. தாளை மிச்சம் பிடிக்க மணலில் செய்யச் சொன்னது நான், ஒவ்வொரு நாளும் கூட்டி அழித்ததும் நான். பிள்ளையின் குற்றம் அல்ல. பார்த்து எழுதவும் இல்லை. பிழையான மூன்று கணக்குக்கு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சரியான பதினேழுக்குத்தான் கேட்கிறோம். ஏ பிரிவுக்கு ஒன்பது புள்ளி குறைகிறது.

ஐந்து நாளாக முற்றம் கூட்டவில்லை. ஊரார் சிரிக்கிறார்கள். நீங்கள் வந்து பாருங்கள். நான் எழுதிக் கொடுத்தது என்று நினைத்தால், நீங்கள் விரும்பின புதுக் கணக்கை அந்த மணலிலேயே கொடுங்கள். நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். வர ஏலாவிட்டால் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிடுங்கள். அதுவும் ஏலாவிட்டால், ஏலாது என்று எழுதுங்கள். பாப்பம் என்று மட்டும் சொல்லவேண்டாம்.

மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் விதைக்கு அது வேண்டும், வராதே என்று இனி நான் கும்பிடமாட்டேன். விழுந்தால் ஒரு வரியும் மிஞ்சாது. தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.