நிற்கிற வேலை

ஜூன் 3

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம் என்று முதல் வரியில் எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

போனில் நான் "ம்" மட்டும் போடுகிறேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். பதினோரு "ம்" என்று எண்ணி வேறு சொன்னீர்கள். என்ன செய்வது சித்தி, போனைக் காதில் வைத்தால் வார்த்தையெல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்கிப் படுத்துக்கொள்கிறது. எழுதினால் வருகிறது.

நீங்கள் புதுக் கிளையைப் பார்க்கப் போனதிலிருந்து இங்கே உங்கள் சலவைக்கூடம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. துணி உலர்த்தும் மூன்றாம் நம்பர் இயந்திரம் மட்டும் பூனைக்குட்டி மாதிரி கத்துகிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள் முன்பைவிட அதிகம் வருகின்றன.

அம்மா கறை பார்க்கும் மேஜையில்தான் இருக்கிறாள். துவைத்து வந்த விரிப்பை விளக்குக்கு நேரே பிடித்து, கறையோ கிழிசலோ இருந்தால் தனியே எடுத்துப் போடும் வேலை. இரண்டு வருஷமாக உட்கார்ந்துதான் செய்துவந்தாள். போன வாரம் புது சூப்பர்வைசர் நாற்காலியை எடுத்து ஆபீஸ் அறைக்குள் போட்டுவிட்டார். "இது நிக்கிற வேலைம்மா. உட்கார்ந்தா கை தூங்கும், கை தூங்குனா கண்ணு தூங்கும்" என்றார். "நீங்க காலையிலேர்ந்து உட்கார்ந்தே இருக்கீங்களே சார், உங்களுக்கு எது தூங்குது?" என்று கேட்டார் இஸ்திரி அக்கா. அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

அம்மாவின் வலது கால் மதியத்துக்குள் வீங்கிவிடுகிறது. சாயங்காலம் செருப்பு நுழைவதில்லை. ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். கேட்டால், "அதுக்கும் ஓய்வு வேணாமாடி" என்கிறாள்.

அந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் சித்தி. நாற்காலியைப் பற்றி நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

உங்கள்
ஊமைக்கோட்டான்


ஜூன் 9

என் ஊமைக்கோட்டானுக்கு,

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவள், எழுத்தில் உதிர்த்துத் தள்ளியிருக்கிறாய். படிப்பு ஏறாவிட்டாலும் கையெழுத்து ஏறியிருக்கிறது. சந்தோஷம்.

எனக்கு இங்கே படுக்கக்கூட இடமில்லை. புது இயந்திரங்கள் வந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுக்கிறேன். புரண்டு படுத்தால் பெட்டி இடிக்கிறது. ஐம்பது வயசில் இந்தக் கூத்து தேவையா என்று தினமும் காலையில் நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல நேரமில்லாமல் எழுந்து ஓடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. 28ஆம் தேதி தொழிலதிபர்கள் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் அடிபட்டு எழுந்தவர்களிடம் தொழில் நடத்துகிறவர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பது தலைப்பு. முந்நூறு பேர் வருவார்களாம். முன்வரிசையில் ஓட்டல்காரர்கள். அவர்களில் ஒருத்தர் துணி கொடுத்தாலும் இந்தக் கிளை பிழைத்துக்கொள்ளும்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன் பாய்லர் குழாய் வெடித்த அந்த ஒன்பது நாள்தான். அந்த மாதம் முழுக்க நான் ஊர் ஊராக அலைந்து, வாடிக்கையாளர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே என்ன பாடுபட்டீர்கள் என்று யாரும் எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டால், "அது கிடக்குது போ" என்பாள். நீ எழுது. எப்படித் தாங்கினீர்கள்? மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? ஒன்றும் விடாமல் எழுது.

நாற்காலி விஷயம் சூப்பர்வைசரிடம் பேசுகிறேன்.

அன்புடன்
சித்தி


ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

குழாய் வெடித்தது ஒரு திங்கள்கிழமை காலை. கொதிநீர் அம்மாவின் வலது காலில், முட்டிக்குக் கீழே கொட்டியது. கட்டுப் போட்டுக்கொண்டு மதியமே திரும்பி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்து தினம் நானூறு விரிப்பு வரும். அதை நிறுத்தினால் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் தங்கச்சி எழுந்திருக்கவே மாட்டாள் என்று சொன்னாள்.

பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் கையால் துவைத்தோம். அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை இன்னொரு வாளியின் மேல் நீட்டிக்கொண்டு தேய்த்தாள். இஸ்திரி அக்கா தன் வீட்டுக்காரரையும் கூட்டிவந்தார். வண்டி டிரைவர் விரிப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிழிய உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து காயப்போடுவேன். மொட்டைமாடி, படிக்கட்டுக் கைப்பிடி, சுற்றுச்சுவர் எல்லாம் வெள்ளையாக இருந்தன. "கட்டடத்துக்கே கட்டுப் போட்டாச்சு" என்றார் டிரைவர். அம்மா சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது மூன்றாம் நாள்.

எட்டு நாள் இப்படி. ஒன்பதாம் நாள் காலை அம்மா நின்றுவிட்டாள். அடுத்த நாளே நானும் நின்றேன். அன்று மெக்கானிக் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டார்.

எப்படித் தாங்கினோம் என்று கேட்டீர்கள். மனசுக்குள் ஒன்றும் சொல்லிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஒருத்தருக்குக் கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதை முந்நூறு பேருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்காலி இன்னும் ஆபீஸ் அறையில்தான் இருக்கிறது. அதன்மேல் பழைய ரசீதுப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள்.

உங்கள்
ஊமைக்கோட்டான்


ஜூன் 20

என் கண்ணே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழுதேன். பெட்டிகள்தான் சாட்சி.

"ஒன்பதாம் நாள் காலை அம்மா நின்றுவிட்டாள். அடுத்த நாளே நானும் நின்றேன்." எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சின்னதாக எழுதிவிட்டாய்! எட்டு நாள் வாளியில் உட்கார்ந்திருந்தவள், வெந்த காலோடு ஒன்பதாம் நாள் எழுந்து நிற்கிறாள். மறுநாள் பக்கத்தில் மகள் நிற்கிறாள். இதைவிட என்ன பாடம் வேண்டும்? என் பேச்சுக்குத் தலைப்பே வைத்துவிட்டேன், "ஒன்பதாம் நாள் நின்றவள்". அச்சடித்துக்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசரிடம் பேசினேன். நின்றுகொண்டு செய்தால் ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு கூடுதலாகப் பார்க்க முடிகிறதாம். அவர் கணக்கு அவருக்கு. அக்கா தானாக ஒன்றும் கேட்கவில்லையே? அவளுக்கு முடியாவிட்டால் சொல்லமாட்டாளா? இந்தக் கூட்டம் முடியட்டும், வந்து பார்க்கிறேன்.

அக்கா மேஜை பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. பெரிய திரையில் காட்டலாம் என்கிறார்கள்.

ஆயிரம் முத்தங்களுடன்
சித்தி


ஜூன் 24

அன்புள்ள சித்திக்கு,

நேற்று உங்களுக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசரின் மேஜையில் இருக்கிற போன். அவர் பக்கத்திலேயே இருந்தார். நீங்கள் "சொல்லுடி, சொல்லுடி" என்றீர்கள். எனக்கு "ம்" தான் வந்தது. "சரி, எழுது" என்று வைத்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் 28ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேரவேண்டும்.

நின்றுவிட்டாள் என்று நான் எழுதியது எழுந்து நின்றாள் என்று இல்லை சித்தி. வேலையிலிருந்து நின்றுவிட்டாள். முடியாமல் போய் நின்றுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை காலில் கட்டெல்லாம் ஈரமாகி நாற்றம் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. டிரைவர்தான் விரிப்பு ஏற்றும் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொடையிலிருந்து தோலை எடுத்துக் காலில் வைத்தார்கள். இருபத்திரண்டு நாள் படுக்கை. நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்பிலேயே படுத்திருந்தாள். "கிழிஞ்ச மூலையில நான் போட்ட தையல்தான்டி இது" என்று காட்டினாள். தனக்குக் காய்ச்சல் என்று மட்டும் உங்களிடம் சொல்லச் சொன்னாள். "அவளே ஊர் ஊரா அலையுறா, இதையும் ஏன் தலையில போடணும்" என்றாள்.

நானும் நின்றேன் என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து. அம்மாவின் இடத்தில் ஆள் வேண்டியிருந்தது. அப்போது பத்தாம் வகுப்பு. படிப்பு ஏறவில்லை என்று உங்களிடம் சொன்னதும் அம்மா சொல்லச் சொன்னதுதான். கணக்கில் நான் வகுப்பில் இரண்டாவது.

நான் சரியாக எழுதியிருக்கவேண்டும். என் தப்புத்தான். அம்மா எழுந்து நின்றாள் என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா எதுவும் கேட்கமாட்டாள். அதனால்தான் நான் எழுதினேன்.

உங்கள்
ஊமைக்கோட்டான்


ஜூன் 30

அன்பு மகளே,

நேற்று முன்தினம் கூட்டம் முடிந்து திரும்பியபோது உன் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. கட்டியிருந்த பட்டுப்புடவையை மாற்றாமல் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

நான் பேசிவிட்டேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மேடையில் எனக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். முடிந்ததும் முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபின் அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

எனக்கு எதையுமே சொல்லக்கூடாது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். அதற்கு அழுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து அலுப்பாக இருக்கிறது.

ஒரு ஓட்டல்காரர் தன் துணி முழுவதையும் நமக்கே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அங்கே வருகிறார். "ஒன்பதாம் நாள் நின்ற அம்மாவை நேரில் பார்க்கணும்" என்கிறார். அடுத்த மாதம் இன்னொரு கூட்டத்தில் இதையே பேசச் சொல்கிறார்கள். இப்போது போய் நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னால், எதை நம்பி எனக்குத் துணி கொடுப்பார்கள்? அந்த வார்த்தைக்கு நீ சொன்ன அர்த்தம் நமக்குள் இருக்கட்டும். அவர் வருகிற அன்றைக்கு ஒரு மணி நேரம் மட்டும் அக்கா மேஜைப் பக்கம் நிற்கட்டும். அப்புறம் ஆயுசுக்கும் உட்காரட்டும். புது நாற்காலி ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டேன்.

இதை நீதான் அவளிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

சித்தி


ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

அம்மா நின்றுவிட்டாள். நானும் நின்றுவிட்டேன். எந்த அர்த்தம் என்று இந்த முறை தெளிவாக எழுதிவிடுகிறேன். வேலையிலிருந்து.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன், வரவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பேச்சைத் தன் போனில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். நீங்கள் அழகாக இருந்தீர்கள். "என் அக்கா நின்றாள்" என்று சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது. நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா சுவரில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் இஸ்திரி அக்காவிடம், "நான் எப்படி நின்னேன்? ஆஸ்பத்திரியில மல்லாக்கப் படுத்துல்ல கிடந்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் மேஜைக்குப் போய் அடுத்த விரிப்பை விளக்குக்கு நேரே பிடித்தாள்.

சாயங்காலம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய், நாளையிலிருந்து வரவில்லை என்றாள். சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா, ஓட்டல்காரர் வர்ற நேரமாப் பார்த்து நிக்கிறேங்கிறீங்க?"

"நிக்கச் சொன்னது நீங்கதானே சார்" என்றாள் அம்மா.

நான் பின்னால் இருந்தேன். "ம்" என்றேன். அதுவரைக்கும் நான் சொன்ன "ம்" எல்லாவற்றிலும் இதுதான் சத்தமானது.

பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் கடையில் சேர்ந்திருக்கிறோம். அம்மாவுக்குப் பொத்தான் தைக்கும் வேலை, எனக்குப் பொத்தான் துளை. நான் முதலில் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அப்புறம்தான் கதவைத் தட்டினேன்.

உங்கள் நாற்காலி மறுநாள் வந்ததாம். விட்டுவந்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்க அம்மா போனபோது இஸ்திரி அக்கா காட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அம்மா அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்ல நாற்காலிதான்" என்று எழுந்து வந்துவிட்டாள். இஸ்திரி அக்காவுக்கு இப்போது ஆறு மாதம். அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் எடுத்து உள்ளே போட்டால் நான் மறுபடியும் உங்களுக்கு எழுதுவேன்.

அடுத்த கூட்டத்தில் என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எப்படித் தாங்கினோம் என்று அவர்கள் கேட்டால், எங்களிடம் கேட்க வேண்டியது அது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கால் எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவை யாராவது கேட்டிருக்கலாம். இதைக் கோபமாக எழுதவில்லை சித்தி. அலுப்பாக இருக்கிறது என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது முதல்முறையாக நீங்கள் எங்கள் வீட்டு ஆள் மாதிரி இருந்தீர்கள்.

இன்று காலை உங்கள் கடிதங்களையெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். படித்து, மடித்து, தலையணைக்குக் கீழே வைத்தாள். "அவ எங்க படுக்கிறாளாம், பெட்டிக்கு நடுவுலயா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம், "வரச் சொல்லு" என்றாள்.

வாருங்கள். பேச்சைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். வீட்டில் இருப்பது இரண்டு நாற்காலி. ஒன்றில் அம்மா, இன்னொன்றில் நீங்கள்.

நான் நின்றுகொள்கிறேன். எனக்குக் கால் நன்றாக இருக்கிறது.

உங்கள்
ஊமைக்கோட்டான்