எண்ணெய் மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்துக் குளிர்பெட்டி மறுபடியும் கத்தித் தீர்த்துவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் பின்பக்கத்தைத் திறந்து தூசியைத் துடைத்தார். "வயசாயிடுச்சு மேடம். இன்னும் எவ்வளவு நாள் இழுக்கும்னு சொல்ல முடியாது" என்றார். பெட்டியைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் சோதனையில் சேர்ந்த நோயாளிகள் அத்தனை பேரின் ரத்தமும் அதற்குள்தான் உறைந்து கிடக்கிறது. பாதிப் பேருக்குக் கீமோவோடு வைட்டமின் டி. மீதிப் பேருக்குக் கீமோவோடு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் எண்ணெய் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்றுதான் இந்தக் கண்கட்டு.

கணையக் கட்டியைச் சுற்றி ஒரு தழும்புச் சுவர் உண்டு. மருந்தை உள்ளே விடாது. வைட்டமின் டி கொடுத்த எலிகளில் அந்தச் சுவர் இளகியிருந்ததைச் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நுண்ணோக்கியில் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம் இது. அப்போது எனக்கு 'வெயிலம்மா' என்று பெயர் வைத்து, சாப்பாட்டு அறையில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர்தான் இன்றைக்கு எங்கள் இயக்குநர்.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தனும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். கொழுந்தன் லிப்ட் மெக்கானிக். கணையத்தில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து வேலைக்குப் போவதில்லை. வேறொரு டாக்டர் மூலமாக எங்கள் சோதனையில்தான் சேர்ந்திருக்கிறார். சொந்தக்காரர் என்பதால் அவர் விஷயத்தில் நான் தலையிடக் கூடாது. தலையிடவும் இல்லை.

"அண்ணி, எனக்கு வெயில் மாத்திரையா, எண்ணெய் மாத்திரையா? எண்ணெய்னா சொல்லிடுங்க, லிப்ட் கதவுக்காவது போட்டுக்கறேன்" என்றார். மெலிந்த முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் மெலியவில்லை. கடைசி ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். கேட்டதும் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அப்படியென்றால் அவருக்கு நம் மருந்துதானோ? அடக்கிக்கொண்டேன்.

ஓரகத்தி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மனசு வெச்சா தெரிஞ்சுக்கலாம். பிள்ளைங்க சின்னதுங்க."

"எனக்கே தெரியாதும்மா."

"உங்க சோதனை, உங்களுக்குத் தெரியாதா? உங்க கூடப்பொறந்த தம்பியா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

நான் உண்மையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது இப்படித்தான் பார்க்கிறார்கள்.

மார்ச் 21

தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கல்லா பக்கத்திலேயே வைட்டமின் டி பாட்டில்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. 'கட்டியைக் கரைக்கும் வெயில்' என்று பெரிய எழுத்து. என் பழைய மாணவனின் கம்பெனி. என்னிடம் எலியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவன், இப்போது மனிதர்களைப் பிடிக்கிறான்.

வாசகம் என்னுடையதுதான், பாதி. போன வருஷம் டிவி பேட்டியில் நான் சொன்னது: "எலிகளில் கட்டியைக் கரைக்க உதவலாம், மனிதர்களுக்கு இன்னும் நிரூபிக்கவில்லை, நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்." அவர்கள் ஒளிபரப்பியது 'கட்டியைக் கரைக்க' மட்டும். போன் செய்து கத்தினேன். மறுப்பு போடுவதாகச் சொன்னார்கள். போட்டார்களா? போட்டார்கள், விளையாட்டுச் செய்திக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மேடம், உங்க புண்ணியத்துல நல்லா ஓடுது."

ஏப்ரல் 17

கொழுந்தன் இந்த மாதமும் பரிசோதனைக்கு வரவில்லையாம், தொடர்ந்து இரண்டாவது முறை. எந்நேரமும் தாகம், வாந்தி, பேச்சில் குழறல் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன்.

ஏப்ரல் 19

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம். சிறுநீரகம் படுத்துவிட்டது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கும் என்கிறார் டாக்டர். கொழுந்தன் என்னைப் பார்த்து, "அண்ணி, லிப்ட் நடுவுல நின்னுடுச்சு" என்றார். வெளியே வந்து அழுதேன்.

ஏப்ரல் 26

போய்விட்டார்.

மே 12, திங்கள்

சோதனை விதிப்படி மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓரகத்தி அதை ஆஸ்பத்திரியில் கொடுக்காமல் ஒரு பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். மேசையில் கவிழ்த்தாள். எங்கள் வெள்ளை பாட்டில்களோடு இன்னொன்றும் உருண்டு வந்தது. மஞ்சள் பாட்டில். கடைச் சரக்கு. காலி.

"இது என்ன?"

"நீங்க எதைக் கொடுத்தீங்களோ தெரியாது, நான் நிஜத்தைக் கொடுத்தேன். நீங்கதானே டிவில சொன்னீங்க. கேட்டா திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"எவ்வளவு கொடுத்த?"

"முதல்ல ஒண்ணுதான். அவர் தளர்ந்துட்டே போனாரா... கடைசில நாலு, அஞ்சுன்னு கொடுத்தேன்." பிறகு உடைந்துபோய், "இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும் அக்கா" என்றாள்.

வைட்டமின் டி அளவு மீறினால் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, குழறல், சிறுநீரகம். மாதாமாதம் ரத்தம் எடுப்பதே அதைப் பிடிக்கத்தான். எண்ணெய் மாத்திரைக்காரர் கடையில் வாங்கி இந்த அளவு விழுங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே எங்கள் மருந்தை, அதுவும் பெரிய அளவில், சாப்பிடுகிறவர்?

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மே 13

அந்த மஞ்சள் பாட்டிலைப் பற்றிச் சோதனையின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன்.

அவருக்குக் கிடைத்தது எண்ணெயாக இருக்கட்டும். என் மருந்து வேலை செய்ய வேண்டும் என்றே வாழ்நாள் முழுக்க வேண்டிக்கொண்டவள், இன்றைக்கு ஒரு ஆளுக்கு அது கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

கட்டு அவிழ்த்தார்கள். புள்ளியியல்காரர் திரையில் இரண்டு கோடுகளைப் போட்டார். ஒன்று மருந்து, ஒன்று எண்ணெய். ஒன்றன் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. வித்தியாசம் இல்லை.

இயக்குநர் என் தோளைத் தட்டினார். "விடுங்க. எல்லாரும் ஜெயிக்க முடியுமா?" இத்தனை வருஷம் காத்திருந்து தட்டிய தட்டு. "குளிர்பெட்டி இருக்கற இடத்துல புது ஸ்கேன் மெஷின் வைக்கறோம், அடுத்த மாசக் கடைசில காலி பண்ணிடுங்க" என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஜூலை 8

குளிர்பெட்டி போவதற்குள் அதிலிருந்த ரத்தம் எல்லாவற்றிலும் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொன்னேன். இன்று வந்தது.

எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும் வைட்டமின் டி நிறைந்து கிடக்கிறது, பேட்டி ஒளிபரப்பான மாதத்திலிருந்து. வீட்டுக்கு வீடு ஒரு ஓரகத்தி இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், கடையில் வாங்கி, பாசத்தோடு கொடுத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் வைட்டமின் சாப்பிட்டால் கோடுகள் எப்படிப் பிரியும்?

மருந்து தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. சோதனையே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. 'இல்லை' என்று தெளிவாக ஒரு பதில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். இன்னொரு சோதனைக்கு யார் பணம் தருவார்கள்? வெயிலம்மாவுக்கு?

எரிகிறது. அந்தப் பேட்டிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், வெட்கக்கேடு.

ஜூலை 9

பட்டியலில் கொழுந்தனின் பதிவு எண்ணுக்கு எதிரே இருப்பதையும் பார்த்தேன்.

வைட்டமின்தான். முதல் நாளிலிருந்து அவருக்குக் கிடைத்தது நிஜ மருந்து. கட்டி சுருங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடுத்து வைத்த கடைசி ரத்தத்தில் இருந்த அளவை எலியில்கூட நான் பார்த்ததில்லை.

பாதுகாப்புக் குழு, 'மரணத்துக்குக் காரணம் உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதியிருக்கிறது. சரிதான். நோய் எப்படியும் கொண்டுபோயிருக்கும். ஆனால் ஏப்ரலிலேயே கொண்டுபோயிருக்குமா? ஒரு வருஷம் இருந்திருப்பாரா? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

எதிர்பார்த்தது நடந்தது. ஓரகத்தி வந்தாள். கட்டு அவிழ்த்த பிறகு வீட்டார் கேட்டால் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்கப் போனவளை, 'உங்க அக்காவையே கேளுங்க' என்று அனுப்பிவிட்டார்கள்.

உட்காரவில்லை. இளைத்திருந்தாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"அவருக்கு என்ன கொடுத்தீங்க அக்கா? இப்பவாவது சொல்லுங்க. ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தேதி, அளவு, கால்சியம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. எங்கேயும் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அதற்காக எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டேன்.

"எண்ணெய்" என்றேன். "வெறும் எண்ணெய்தான்மா. நீ கொடுத்தது மட்டும்தான் மருந்து."

"தெரியும்" என்றாள். "அப்பவே தெரியும். கையில வெச்சுக்கிட்டே கொடுக்காம விட்டீங்களே. நீங்க நல்லா இருப்பீங்களா?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஜூலை 31

குளிர்பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் அது நின்ற சதுரம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமலே, "அவகிட்ட என்னதான் சொன்ன? இந்த வாசப்படி மிதிக்க மாட்டாளாம், பிள்ளைங்களையும் அனுப்ப மாட்டாளாம். ஊரெல்லாம் உன்னைத் தூத்திக்கிட்டுத் திரியறா" என்றார்.

"அவ எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன? தையல் கடையில மறுபடி வேலைக்குச் சேர்ந்துட்டா. பிள்ளைங்களை அதட்டிக்கிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கிட்டு, நல்லாத்தான் இருக்கா."

"தூங்கறாளாமா?"

"இது என்ன கேள்வி? தூங்கறா."

"அப்ப சரி" என்றேன்.