கேட்பதற்கு முன்பே

மார்ச் 4

இவர் இன்றைக்கும் கையில் பையோடுதான் வந்தார். சாவி கொடுத்தால் தலையாட்டும் குரங்கு. சின்னவள் வாண்டு கேட்கவே இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தின் கீழே பொம்மைக்கடை இருந்ததாம், கண்ணில் பட்டதாம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இவர் கண்ணில் பொம்மைக்கடைதான் படுகிறது.

"நல்லா இருக்குப்பா" என்றாள். பெரியவன் படுத்த கட்டில்மேல் கொண்டுபோய் வைத்தாள். அதில் இப்போது விரல் வைக்க இடமில்லை. அவன் போன பிறகு அந்தக் கட்டிலைக் காலியாகப் பார்க்க முடியாமல் நாங்கள்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோமோ?

மார்ச் 9

சண்டை.

"எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குங்க மூணு கைக்கடிகாரம்? ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லிப் பாருங்க."

"ஒருத்தன்கிட்ட சொன்னது போதும்" என்றார்.

பெரியவன் சைக்கிள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். கடைசியில் அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது. அது, வீடியோ கேம், புது ஷூ — அந்த நாட்களில் அவன் வாய் திறந்தால் போதும், இவர் கடைக்கு ஓடினார். சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தான். அவ்வளவுதான்.

மார்ச் 10

பேசிக்கொள்ளவில்லை. பை மட்டும் வந்தது.

மார்ச் 21

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் ஒரே கூட்டம். நடுவில் வாண்டுவின் டீச்சர் போன் செய்தார். வாண்டு தன் சாமான்களைக் கொண்டுபோய் வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கிறாளாம். பென்சில் பெட்டி, பொம்மை, போடாத செருப்புகூட.

"ஏன்மா குடுக்கறேன்னு கேட்டேன். 'இப்பவே குடுத்துட்டா நல்லது டீச்சர்'னு சொல்றா. பெரிய மனுஷி மாதிரி!"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

வாண்டுவுக்குச் சளி, லேசான காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. மத்தியானம் இவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார் — தோளில் அவள் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மை. அதைப் பார்த்ததும் அவள் போர்வைக்குள் சுருண்டுகொண்டாள்.

"பிடிக்கலியாடா?"

"அப்பா, நான் எப்ப சாவேன்?"

நான் கதவுக்கு வெளியே வெந்நீர் டம்ளரோடு நின்றிருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அண்ணன் நல்லா இருந்தப்ப எதுவும் வாங்கித் தரல. சாகப் போறான்னு தெரிஞ்சப்புறம்தானே எல்லாம் வாங்கினீங்க? எனக்கும் வாங்கிட்டே இருக்கீங்க. எனக்கும் அதே நோய்தானே? அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. அழுவாங்க."

இத்தனை நாளுமா? ஒவ்வொரு பையும் வாசலில் நுழையும்போது என் குழந்தை எதை நினைத்து "நல்லா இருக்குப்பா" என்றாள்? ஐயோ. பாவி, நான் பக்கத்துலயேதானே படுத்திருந்தேன்.

ஏப்ரல் 3

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். "வெறும் சளிதான் கண்ணு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாள். பெரியவனிடமும் முதலில் வெறும் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். பிறகு தெரிந்த பின்னும் அதையேதான் சொன்னோம். இவள் எப்படி நம்புவாள்?

ஏப்ரல் 11

இவர் வெறுங்கையோடு வந்தார். வாண்டு கையைப் பார்த்தாள். இவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி.

ஏப்ரல் 27

மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஷூ. வாண்டு நின்றுவிட்டாள்.

"அப்பா, அது வேணும்."

அவள் வாய்விட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இவர் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இப்ப வேண்டாம்டா. கால் இன்னும் வளரும். பத்து வயசு ஆகட்டும், வாங்கலாம்."

வாண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"பத்து வயசுலயா?"

"ஆமா."

"நிஜமாவா?"

"நிஜமாடா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடுத்தெருவில் காலை உதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். "முடியாது! எனக்கு இப்பவே வேணும்!" போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் அழுதாள். இவர் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தார், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு.